மாமா போட்ட பிரேக்குக்கு நான் போட்ட கணக்கு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷம் ஓடிவிட்டது. நோட்டை எடுப்பேன், மேலே "முருகா" என்று எழுதுவேன், அடுத்த வரிக்குக் கை போகாது. அம்மாவின் துக்கம் ஒன்றும் மாமாவின் துக்கம் ஒன்றும் இதற்குள் இருக்கின்றன. இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கும்போது அதை ஊர் படிக்க எடுத்து வைக்க எனக்கென்ன உரிமை என்று தோன்றும். தவிர, நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். பள்ளிப்பட்டுக்கு வாக்கப்பட்டு வந்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற மாதிரி எனக்கு வராது. போன கிருத்திகைக்குத் திருத்தணி போயிருந்தபோது இருவரிடமும் கேட்டேன். அம்மா தலையை ஆட்டினாள். மாமா, "எழுதும்மா, எவனாவது ஒருத்தனுக்கு உதவும்" என்றார். சந்நிதியில் நின்று சுவாமியிடமும் உத்தரவு கேட்டுக்கொண்டு வந்து இப்போது எழுதுகிறேன்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. மலையடிவாரத்தில் எங்கள் வீடு. நைனாவுக்குப் பூசைச் சாமான் கடை. அம்மாவுக்கு ஒரே தம்பி, அவர்தான் என் மாமா. ஆட்டோ ஓட்டினார். கல்யாணம் ஆகவில்லை, மூன்று வேளையும் சாப்பாடு எங்கள் வீட்டில்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் வானம் சுத்தமாக இருந்தால் எங்கள் ஊரிலிருந்து கிழக்கே சன்னமாக ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அப்படி ஒரு நாள் அறிவியல் சார் எங்களைப் பள்ளிக்கூடத்து மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். ராக்கெட்டில் மனுஷர் போனால் அவர் உடம்பு மூன்று மடங்கு, நான்கு மடங்கு கனக்கும் என்று சொன்னார். அந்தக் கனத்துக்கு ஜி என்று பெயராம். சும்மா தரையில் நிற்கும்போது நம் மேல் இருப்பது ஒரு ஜி. ராக்கெட்டில் மூன்று, நான்கு. கணக்குப் போடுவதும் சுலபம் என்றார். வேகம் எவ்வளவு மாறியது, எத்தனை வினாடியில் மாறியது என்று பார்த்து முன்னதைப் பின்னதால் வகுத்தால் முடுக்கம். அதை மறுபடி 9.8 என்ற எண்ணால் வகுத்தால் எத்தனை ஜி என்று வந்துவிடும்.

எனக்கு அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். ராக்கெட்டில் ஏறினால்தானா, வேகம் மாறுகிற எல்லாவற்றிலும் ஜி இருக்கிறதே! நைனாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தேன். ஆடிக் கிருத்திகை ராட்டினத்தில் ஏறிக் கீழே வரும்போது வினாடி எண்ணினேன். கே.ஜி.கண்டிகையில் இருந்த அத்தை, நைனாவின் அக்கா, வீட்டுக்கு பஸ்ஸில் போகும்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று, வேகம் காட்டுகிற முள் எதில் இருந்து எதற்கு இறங்குகிறது என்று எட்டிப் பார்த்தேன்.

"ஏம்மா, நீ இன்னா ஆர்டிஓவா?" என்று டிரைவர் ஒரு நாள் கேட்டேவிட்டார்.

என் கணக்கில் ஒரு தப்பு இருந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டியின் முள் காட்டுவது மணிக்கு இத்தனை கிலோமீட்டர். ஜி கணக்குக்கு வேண்டியது வினாடிக்கு இத்தனை மீட்டர். முதலில் 3.6-ஆல் வகுத்து அதை இதுவாக மாற்றிக்கொள்ள வேண்டும். சார் அதையும் சொல்லித்தான் இருப்பார். நான் அந்த நேரத்தில் ராக்கெட்டில் போய்க்கொண்டிருந்தேன் போல. ஆகவே என் நோட்டில் எல்லாமே மூன்றரை மடங்குக்கு மேல் வீங்கிக் கிடந்தன. அந்தக் கணக்குப்படி பார்த்தால் பள்ளிப்பட்டு பஸ்ஸில் தினமும் போய் வருகிறவர்கள் அத்தனை பேரும் விண்வெளிக்குப் போகத் தகுதி உள்ளவர்கள். அது கூட எனக்கு உறைக்கவில்லை. எண் பெரிதாக வர வரப் பெருமையாக இருந்தது.

இதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். அப்போது அம்மா ஏழு மாசம். ஒரு நாள் காலையிலிருந்து வயிற்றில் அசைவு இல்லை என்று பயந்துபோய், மாமாவின் ஆட்டோவிலேயே திருவள்ளூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். அம்மா, அத்தை, மாமா மூன்று பேர். கனகம்மாசத்திரம் தாண்டி எருமை ஒன்று குறுக்கே வந்துவிட்டது. மாமா பிரேக்கை அழுத்தி நிறுத்தினார். எருமைக்கும் ஒன்றுமில்லை, வண்டிக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அம்மா வெறுங்கையோடுதான் வீட்டுக்கு வந்தாள்.

அத்தை கெட்டவள் இல்லை. துக்கத்தில் வாய் நிற்காது, அவ்வளவுதான். வந்தவர்களிடம் எல்லாம், "அந்தப் பாழாப்போன எருமை வராம இருந்திருந்தா, இவன் அந்த பிரேக்கைப் போடாம இருந்திருந்தா..." என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்குப் பன்னிரண்டு வயசு. காதில் விழுந்தது, மனசில் நிற்கவில்லை. மாமா அதற்குப் பிறகு அம்மாவை ஆட்டோவில் ஏற்றவே இல்லை என்பதும் எனக்குத் தெரியாது.

இப்போது அம்மா மறுபடி உண்டாகியிருந்தாள். குழந்தை நல்லபடியாகப் பிறக்கும்வரை ஒவ்வொரு கிருத்திகைக்கும் ஒரு சொம்பு பாலோடு மலையேறி அபிஷேகத்துக்குக் கொடுப்பதாக வேண்டுதல். நான்கு மாசம் படியேறினாள். ஐந்தாம் மாசம் டாக்டரம்மா படி கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் என்ன, வண்டி போக மலைப்பாதை இருக்கிறது, வீட்டிலேயே ஆட்டோ இருக்கிறது. ஆனால் மாமா பிடி கொடுக்கவில்லை. ஒரு நாள் டயர் மொட்டை என்றார். ஒரு நாள் எஃப்சி முடிந்தது என்றார். கிருத்திகை அன்றைக்குக் காலையில் ஆளே இல்லை.

"பரவால்ல, ஸ்டாண்டுல இருந்து ஒரு வண்டி கூட்டிகினு வரேன்" என்றார் நைனா.

அம்மா அசையவில்லை. "என் தம்பி வண்டி இருக்கச்சே இன்னொருத்தன் வண்டியில நான் மலைக்குப் போனா, ஸ்டாண்டுல இருக்கறவனுங்க இன்னா பேசுவானுங்க? அக்காவே நம்பலன்னு பேசுவானுங்க. போனா அவன் வண்டியிலதான் போவேன். இல்லன்னா அந்த முருகன் வந்து வாங்கிக்கட்டும்."

அந்தக் கிருத்திகை தவறியது. பாலை வீட்டுப் படத்துக்கு வைத்துவிட்டு அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். வேண்டுதல் தவறினால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்ற பயம் அவளுக்கு. மாமா மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பெட்ரோலுக்குக் கணக்குப் பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா தெருக்குழாயில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று, குடத்தை எவ்வளவு வேகமாகத் தூக்கினால் எவ்வளவு ஜி என்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, அந்த ஜி ஜின்னு சொல்லிகினு இருக்கியே, அது பிரேக் போட்டாலும் வருமா?"

"ஆங், நல்லா வரும். முள்ளு எதுல இருந்துச்சுன்னு சொல்லு, எத்தினி செகண்டுல நின்னுச்சுன்னு சொல்லு. போட்டுடலாம்."

மாமா துணியைப் பிழிந்துகொண்டே, யோசிக்காமல் சொன்னார். "அறுபது. மூணு எண்றதுக்குள்ள நின்னுடுச்சு."

இரண்டு வருஷமாக மனசுக்குள் அந்த மூன்றை அவர் எத்தனை தடவை எண்ணியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது வெறும் மூன்று. அறுபதை மூன்றால் வகுத்தேன், இருபது. இருபதை 9.8-ஆல் வகுத்தேன்.

"ரெண்டு பாயிண்ட் பூஜ்யம் நாலு! சூப்பர் மாமா! ரெண்டு ஜிக்கு மேல. இது வரைக்கும் நான் போட்டதுலயே இதான் பெருசு."

"ரெண்டுன்னா? வண்டிக்குள்ள ஒரு ஆளு இருக்கறாருன்னு வெச்சுக்க. ஒரு அம்பது கிலோ."

"அப்ப நூறு கிலோ. நூறு கிலோ மூட்டை ஒண்ணு வந்து அவரை முன்னாடி இடிச்சுத் தள்ளுனா எப்படி இருக்கும், அப்படி."

மாமா துணியைக் கீழே வைத்தார். "நல்லா பார்த்துப் போட்டியா?"

நான் மறுபடி போட்டுக் காட்டினேன். அதே விடை. சுற்றிக் கட்டம் போட்டு, கீழே நேராக இரண்டு கோடும் இழுத்தேன். யார் அந்த ஆள் என்று கேட்டதற்கு, "யாரோ ஒரு சவாரி" என்றார். குழாயை மூடினார். ஒரு பக்கம் சோப்பு நுரை அப்படியே காய, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மதியம் சாப்பிட வரவில்லை. இரவும் வரவில்லை. நாலு நாள் கழித்துத்தான் நைனா விஷயத்தைக் கொண்டுவந்தார்: மாமா ஆட்டோவை விற்கப் போகிறார், சென்னைப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலைக்குப் போகப் போகிறார். அதோடு நிற்கவில்லை. பிறக்கப் போகிற குழந்தைக்கு மொட்டை அடிக்க, காது குத்த மடியில் உட்கார வைத்துக்கொள்ளப் அம்மாவின் பெரியப்பா மகன் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியனுப்பியிருந்தார். தாய்மாமன் உயிரோடு, பக்கத்துத் தெருவில் இருக்கும்போது!

அம்மா அதைக் கேட்டு அழவில்லை. "அவன் மடி இல்லன்னா என் புள்ளைக்குக் காதே குத்த வேணாம்" என்று மட்டும் சொன்னாள். அம்மாவுக்குத் துணையாக வந்து தங்கியிருந்த அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். வீட்டில் சோறு இருந்தது, சாப்பிட ஆள் இல்லை. இத்தனையும் என் நோட்டின் ஒரு பக்கத்திலிருந்து வந்தது என்று எனக்கு ஒரு துளியும் தெரியாது. மாமாவுக்குச் சென்னையில் போய் பேண்ட் சட்டை போட ஆசை வந்துவிட்டது என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் மாதத் தேர்வு பேப்பர் கொடுத்தார்கள். இயக்கம் பாடத்தில் எனக்கு முழு மார்க் வரும் என்று வகுப்பே எதிர்பார்த்தது. ஐந்து மார்க் கணக்கில் முட்டை. பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய வட்டம். "கி.மீ. எங்கே? மீ. எங்கே?" என்று எழுதியிருந்தார் சார். எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, "ஊரெல்லாம் ஜி கணக்குப் போடறியாமே, மொதல்ல மூணு பாயிண்ட் ஆறால வகுக்கத் தெரியுமா?" என்றார். வகுப்பு சிரித்தது.

அவமானத்தில் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினேன். மனசாட்சிக்காகத் திருத்தினேன் என்று சொன்னால் பொய். தப்பான நோட்டு வீட்டில் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். பஸ், ராட்டினம், எல்லாம் சுருங்கிச் சுருங்கிப் போயின. கட்டம் போட்ட பக்கம் வந்தது. அறுபதை 3.6-ஆல் வகுத்தால் பதினாறு புள்ளி ஆறு ஏழு. அதை மூன்றால் வகுத்தால் ஐந்து புள்ளி ஐந்து ஆறு. அதை 9.8-ஆல் வகுத்தால் புள்ளி ஐந்து ஏழு. ஒன்றில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவே. என் பெருமையான இரண்டு ஜி போயே போய்விட்டது. மாமாவிடம் பீற்றிக்கொண்டது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. சென்னைக்குப் போய் அங்கே யாரிடமாவது இதைச் சொல்லிவைத்தால் என் பெயர் கெடுமே என்று நோட்டையும் பேப்பரையும் தூக்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

சாயங்காலம் நாலு நாலரை இருக்கும். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. மாமா தன் வண்டியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அன்னிக்குப் போட்ட கணக்கு தப்பு."

"எந்தக் கணக்கு?" என்று கேட்டாரே தவிர, அவர் முகம் மாறிவிட்டது.

"அதான், அறுபதுல பிரேக் போட்டது. ரெண்டு ஜி இல்ல. பாயிண்ட் அஞ்சு ஏழுதான்."

"யாரு அனுப்புனா உன்னை?"

"யாரும் அனுப்பல."

"அக்கா சொல்லிக் குடுத்துச்சா?"

"அம்மாவுக்கு ஜின்னா இன்னான்னே தெரியாது மாமா."

"பாவா?"

"நைனா கடையில இருக்கறாரு. இன்னா மாமா நீ, போலீஸ் மாதிரி கேட்டுகினு? இந்தத் தப்பாலதான் எனக்கு அஞ்சு மார்க்கு போச்சு. பாரு!" என்று பேப்பரை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

மாமா அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாடா, மருமவ கேஸு விசாரிக்கிறாளா, வாய்தா குடுத்துட்டாளா?" என்றார். மாமா காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

"எங்க, என் எதிர்ல போடு."

போட்டேன். மறுபடி போடு என்றார். போட்டேன். மூன்றாவது தடவை பக்கத்து ஆட்டோக்காரரின் செல்போனில் கால்குலேட்டரை வாங்கி அவரே தட்டினார். புள்ளி ஐந்து ஏழு.

"அப்ப அந்த அம்பது கிலோ ஆளுக்கு?"

"இருபத்தெட்டு கிலோ. அரிசி மூட்டை ஒண்ணு சாஞ்ச மாதிரி. ஒரு ஜி கூட இல்ல மாமா. நீ இப்ப சும்மா ஒக்காந்துகினு இருக்கியே, இதுக்கே ஒரு ஜி. படுத்துத் தூங்குனாலும் ஒரு ஜி. எல்லாருக்கும் எப்பவும் ஒண்ணு இருந்துகினேதான் இருக்குது. இது அதுல பாதிதான்."

"சும்மா ஒக்காந்துகினு இருக்கறதுக்கே ஒண்ணா?"

"ஆங்."

மாமா ஹேண்டில்பாரின் மேல் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சிரிக்காத மாமா, கிளாஸ்ல பாதிப் பேருக்கு இதே தப்புதான்" என்றேன். அவர் நிமிரவில்லை. பக்கத்து ஆட்டோக்காரர் இறங்கி வந்து, என் தலையில் கையை வைத்து, "நீ வீட்டுக்குப் போம்மா" என்றார். அவர் குரலில் கிண்டலே இல்லை. அது ஏன் என்றும் எனக்கு விளங்கவில்லை.

நான் நடந்து வீட்டுக்கு வருவதற்குள் மாமாவின் ஆட்டோ வாசலில் நின்றது. அவர் உள்ளே வராமல் வாசற்படியில் நின்று, "அக்கா, அடுத்த கிருத்திகைக்கு எத்தினி மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

கிருத்திகைக்குப் போனோம். பால் சொம்போடு அம்மா நடுவில், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அத்தை. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த எனக்கு ஏமாற்றமே மிச்சம். மாமா ஓட்டிய வேகத்தில் காவடி தூக்கி நடந்து போனவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். அத்தைதான், "டேய், இப்படிப் போனா சாமிக்குத் தயிராத்தாண்டா போய்ச் சேரும்!" என்றாள். வண்டிக்குள் எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். என் நோட்டில் அன்றைய தேதி போட்டு, "ஜி இல்லை" என்று எழுதிவைத்தேன்.

தம்பி பிறந்தான். முருகன் புண்ணியத்தில் நல்ல எடையோடு, ஊரைக் கூட்டுகிற குரலோடு பிறந்தான். மலையில் மாமா மடியில் உட்கார்ந்துதான் அவனுக்கு மொட்டையும் காதுகுத்தும். ஆட்டோ விற்பதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

நான் தலைச்சன் பிள்ளை உண்டாகியிருந்தபோதுதான் அம்மா என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தெளிவாகவே சொல்லியிருந்தாராம்: வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே குழந்தையின் துடிப்பு நின்றிருந்தது, வழியில் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை அம்மா மாமாவிடம் சொன்னாள். நைனா சொன்னார். அத்தை கூடப் பிறகு மனசு மாறிக் காலில் விழாத குறையாகச் சொன்னாள். மாமா எல்லோருக்கும் தலையாட்டினார், ஒருவரையும் நம்பவில்லை. தன் மேல் உள்ள பிரியத்தில் சொல்கிறார்கள் என்றே நினைத்தார். பிரியத்தில் சொல்கிற வார்த்தை மருந்து மாதிரி, கசப்பை மறைக்கத்தானே அதில் சர்க்கரை போடுவார்கள் என்று அவர் மனசு சொல்லியிருக்கிறது.

நான் பிரியத்தில் போகவில்லை. மார்க் போன கோபத்தில் போனேன். அவரைத் தேற்ற வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. முதலில் இரண்டு என்று சொல்லி அவரைக் கொன்றவளும் நான்தான் என்பதும் தெரியாது. அதனால்தான் நான் சொன்னது அவருக்குள் இறங்கியது. இத்தனை பேரில் தேற்றத் தெரியாத ஒருத்தியைத் தேடிப் பிடித்து, அவள் பேப்பரில் ஒரு சிவப்பு வட்டத்தையும் போட்டு அனுப்பிய அந்தத் தணிகைமலையானை நான் என்னவென்று சொல்ல?

படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தன்னால்தான் போயிற்று என்று உள்ளுக்குள் உருகுகிற யாராவது உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். நான் முதலில் தப்பாக இரண்டு என்று சொன்னதை எனக்காக மறைக்க வேண்டாம். புள்ளி ஐந்து ஏழை, பாவம் என்று இரக்கப்பட்டு, ஒன்றுமே இல்லை என்று ஆக்கிவிடவும் வேண்டாம். பிரேக் போட்டது நிஜம், அம்மா முன்னால் சாய்ந்ததும் நிஜம். அதைக் குறைத்துச் சொன்னால் என் மாமாவைப் போன்ற ஒருவர் நம்பமாட்டார்.